கணுக்கால் கட்டி: ஊசிப் பரிசோதனையா, முழுதாக எடுத்துவிடுவதா?

கணுக்காலுக்கு மேலே புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. தொட்டால் வலி, மார்கழியில் ஏற்காட்டுக் குளிருக்குத் தொடாமலே வலி. சேலத்துக்கு இறங்கிப் போய்க் காட்டினால் இரண்டு வழிகளைச் சொல்வார்கள்: ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்ப்பது, அல்லது கட்டியையே எடுத்துப் பயாப்சிக்கு அனுப்புவது. நான் இரண்டாவதைச் செய்துகொண்டேன்; இன்றும் அதன் பக்கம்தான்.

செலவு, நேரம், தையல் எல்லாவற்றிலும் ஊசிதான் எளிது. அதில் விவாதம் இல்லை.

ஆனால் விடை கிடைக்க வேண்டுமே! எனக்கு இருந்தது ஆஞ்சியோலியோமையோமா. இரத்த நாளச் சுவரின் மென்தசையிலிருந்து வளரும், புற்றுநோய் அல்லாத கட்டி. நடுவயதுப் பெண்களின் காலில்தான் அதிகம், பெரும்பாலும் 2 சென்டிமீட்டருக்குள். தசைச் செல்கள் இறுகப் பின்னிக் கிடப்பதால் ஊசியில் ஏறுவது பல நேரம் வெறும் இரத்தம். நீண்ட ஒல்லிச் செல்கள் சில கிடைத்தாலும், நரம்புறைக் கட்டியா இதுவா என்று பிரிப்பது கடினம். முழுக் கட்டியை அறுத்துப் பார்த்தால்தான் நாளங்களும் அவற்றைச் சுற்றித் தசை படிந்திருக்கும் விதமும் தெரியும்; ஆக்டின், டெஸ்மின் என்ற தசைப் புரதங்களைக் காட்டும் சாயச் சோதனைக்கும் திசு மிஞ்சும். என் ஸ்கேன் அறிக்கைகூட ‘ஓரம் தெளிவான, இரத்த ஓட்டமுள்ள கட்டி’ என்பதோடு நின்றுவிட்டது. அறுவைக்கு முன்பே இந்தப் பெயரைச் சொல்லிவிடுவது அரிது. வலி தீர எப்படியும் எடுத்தாக வேண்டும். எடுத்தால் நோயின் பெயரும் தெரிந்துவிடும். பிறகு இடையில் ஊசி எதற்கு?

கட்டி 5 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, ஆழத்தில் இருந்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ இந்தக் கணக்கு செல்லாது. அங்கே முதலில் எம்.ஆர்.ஐ., பிறகு தடித்த ஊசியில் திசு எடுத்துப் பார்ப்பதுதான் முறை. சார்கோமா என்ற புற்றுநோய்க் கட்டியை அவசரப்பட்டு அறுத்துவிட்டால் அடுத்த அறுவை பெரிதாகிவிடும். உணவுக்குழாயிலும் வயிற்றிலும் வரும் மென்தசைக் கட்டிகளுக்கு என் கணுக்கால் சாட்சி சொல்லாது.

எனக்கு மரத்துப்போக ஊசி போட்டே முடித்துவிட்டார்கள். முழுதாக எடுத்துவிட்டால் மீண்டும் வளர்வது அபூர்வம். தையல் ஆறும்வரை மேட்டில் ஏறி இறங்குவதும் செருப்பு வார் உரசுவதும் தொல்லைதான். பக்கத்தில் ஓடும் தோல் நரம்பு பாதிக்கலாம் என்று முன்பே எச்சரித்தார்கள். வடுவைச் சுற்றிக் கொஞ்சம் உணர்ச்சி குறைவுதான். பழைய வலிக்கு அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நாள் முழுவதும் எஸ்டேட் சரிவில் நிற்பவர்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.