உப்புக் காற்றில் தொங்கும் பூ: பருத்தி நூலா, அக்ரிலிக்கா?

திருகோணமலை உப்புவெளியில் மச்சாள் நடத்தும் சின்ன விருந்தினர் விடுதிக்குப் போன வருடம் பங்குனியில் இரண்டு பூத்தோரணம் குரோஷே ஊசியால் பின்னிக் கொடுத்தேன். ஒன்று பருத்தி நூலில், மற்றது அக்ரிலிக் என்ற செயற்கை நூலில். ஒப்பிட்டுப் பார்க்கும் எண்ணமெல்லாம் அப்போது இல்லை. மேசைவிரிப்புப் பின்னி மிஞ்சிய பருத்தி ஒரு தோரணத்தோடு தீர்ந்துவிட்டது. மற்றதற்குக் குழந்தைத் தொப்பிகள் பின்னி மிஞ்சிய நூல்தான் கையில் இருந்தது. ஒரு சோளகக் காற்றுக்காலமும் ஒரு மாரி மழைக்காலமும் போன பிறகு இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் இப்போது அக்ரிலிக் பக்கம். பருத்தியை விரும்பித் தொடங்கியவள் என்பதால் இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

"சீசனுக்கு வாறவங்களுக்கு அவங்கட ஊர்ப் பூவாப் பின்னித் தாங்க மச்சாள்" என்று விடுதிக்கார மச்சாள்தான் என்னிடம் கேட்டாள். குளிர் நாடுகளில் பனி விலகும்போது வரும் டியூலிப், டாஃபோடில், குரோக்கஸ். நமக்கு அந்த நேரத்தில் கொன்றை பூக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும். டாஃபோடிலை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். செவ்வரத்தை, பட்டிப்பூ எல்லாம் ஐந்து இதழ் என்ற கைப்பழக்கத்தில் அதற்கும் ஐந்து வைத்துவிட்டேன். காலைச் சாப்பாட்டுக்கு வந்த ஓர் இங்கிலாந்துக்கார அம்மா நிமிர்ந்து எண்ணிப் பார்த்துவிட்டு, ஆறு இருக்க வேண்டும் என்று சிரித்தார். எல்லாவற்றையும் பிரித்தேன். பருத்தி சரசரவென்று சுத்தமாகப் பிரிந்து வந்தது. அக்ரிலிக் மயிர் மயிராக ஒட்டிக்கொண்டு, நாலு பூவைக் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பிழை விட்டுப் பழகுகிறவர்களுக்கு இதில் பருத்திதான் நல்லது.

அழகிலும் பருத்திக்குத்தான் முதலிடம். கடையில் விற்கும் குரோஷே பருத்தி பெரும்பாலும் காஸ்டிக் சோடாவில் பதப்படுத்தியது. 1844இல் ஜோன் மெர்சர் என்ற இங்கிலாந்துக்காரர் கண்டுபிடித்த முறை. அந்தப் பளபளப்பில் ஒவ்வொரு பின்னல் கண்ணும் தனியாகத் தெரியும். இதழின் விளிம்பு கத்தி போல நிற்கும். அக்ரிலிக் பூ கொஞ்சம் பொம்மைத்தனம், கிட்டப் போனால் பஞ்சு பறக்கும். விலையைப் பேசிப் பயனில்லை, இரண்டும் மீதி நூல். என் கைக்கு ஒரு பூ மூன்று நான்கு மீற்றரில் முடிந்துவிடும்.

பருத்தி டியூலிப் மட்டும் நெட்டையாக வந்தது. அது நூலின் குற்றமில்லை. பெரியம்மாவின் பழைய கொப்பியில் பிரிட்டிஷ் முறையில் 'டபுள்' என்று எழுதியிருக்கும் பின்னலைத்தான் இன்றைய அமெரிக்க வீடியோக்கள் 'சிங்கிள்' என்கின்றன. அமெரிக்க 'டபுள்' அதைவிட உயரமான பின்னல், அதனால் கொப்பியைப் பார்த்து, வீடியோக் கணக்கில் பின்னினால் இதழ் உயரும். பழைய கொப்பி வைத்திருப்பவர்கள் கவனம்.

சரி, என் மனதை மாற்றியது எது? கழுவுகிற வேலை.

ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. விடுதியிலிருந்து கடற்கரைக்கு இரண்டு நிமிட நடை. யன்னல் கம்பியில் விரலை வைத்தால் பிசுபிசுக்கும். அந்த உப்பு நூலிலும் படியும், படிந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். பருத்தி தானாகவே ஈரம் குடிக்கிற நூல். அதன் மேல் நான் இன்னொரு வேலை செய்திருந்தேன்: இதழ் நிமிர்ந்து நிற்கட்டும் என்று அரிசிக் கஞ்சி போட்டிருந்தேன். வெயில் இருந்த வரை பீங்கான் பூப்போல நின்றது. ஐப்பசி மழை தொடங்கியதும் கஞ்சி இளகி, டாஃபோடில்கள் எல்லாம் தலை குனிந்தன. கார்த்திகையில் குரோக்கஸின் அடியில் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம். கஞ்சி வாசத்துக்கு எறும்பு ஒரு பக்கம், இரவில் கரப்பான் ஒரு பக்கம். மச்சாள் பாவம், விருந்தினர் சாப்பிடும் இடத்துக்கு மேலே இது தொங்குகிறதே என்று தவித்துப் போனாள்.

கழுவினால் கஞ்சி போய்விடும். மறுபடி கஞ்சி போட்டு, ஒவ்வொரு இதழையும் ஊசி குத்தி விரித்துக் காய வைக்க வேண்டும். முப்பத்தாறு பூ. மழைக்காலத்தில் அவை காய இரண்டு நாள் எடுத்தன, அதற்குள் ஒரு புளித்த மணம். கஞ்சிக்குப் பதிலாக வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து இரண்டு பூவுக்குத் தடவிப் பார்த்தேன். எறும்பு வரவில்லை, ஆனால் தண்ணீர் பட்டதும் பால்போல வெளுத்தது. இரண்டே பூவில் பார்த்ததை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

அக்ரிலிக் தோரணத்துக்கு நடந்தது இவ்வளவுதான்: வாளியில் தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரத் தூள், பத்து நிமிடம் ஊறல், பழைய துவாயில் சுற்றி ஒரு அழுத்து, மின்விசிறிக்குக் கீழே விரிப்பு. பின்னேரம் மறுபடி தொங்கியது. அது பிளாஸ்டிக் இழை, தண்ணீரைக் குடிப்பதில்லை. கஞ்சியும் தேவைப்படவில்லை. ஊசியை ஓர் அளவு குறைத்து இறுக்கமாகப் பின்னினால் இதழ் தானாக நிற்கிறது. தூசி மட்டும் பருத்தியை விட அதிகம் ஒட்டும். சூடும் ஆகாது. அவசரத்தில் ஒரு டியூலிப்பை அயர்ன் பண்ணினேன். ஈரத்துணி போலத் துவண்டு விழுந்தது, பிறகு எதைச் செய்தும் எழும்பவில்லை.

நிறம் பற்றிச் சொல்லக் கொஞ்சம் தயக்கம். பருத்திச் சிவப்பு ஒரு பக்கம் வெளிறி ரோஸாகிவிட்டது, அக்ரிலிக் அப்படியே இருக்கிறது. ஆனால் பருத்தி தொங்கியது கிழக்குப் பார்த்த முன் விறாந்தையில், காலை வெயில் நேரே விழும் இடம். அக்ரிலிக் உள்ளே. நியாயமான போட்டி இல்லை. வெயிலைத் தாங்கும் என்றுதான் படகு மூடும் துணியையும் கடை முகப்புக் கூடாரத்தையும் அக்ரிலிக்கில் செய்கிறார்கள். இருந்தாலும் என் தோரணம் அந்தச் சோதனைக்கு இன்னும் போகவில்லை.

எந்த நூலானாலும் காம்புக்குக் கட்டுக்கம்பி வேண்டாம். பச்சை நூல் சுற்றிய கம்பி மூன்றே மாதத்தில் துருப்பிடித்து, வெள்ளை இதழ் வரை கறை ஏறியது. தேசிக்காய்ச் சாறும் உப்பும் பூசி வெயிலில் வைத்தேன். துரு மங்கியது, கூடவே பச்சையும் மங்கியது. இப்போது தென்னை ஈர்க்குத்தான். நன்றாகக் காய்ந்த ஈர்க்கை அடியிலிருந்து ஒரு சாண் வெட்டி, நுனியில் பசை தொட்டு நூலைச் சுற்றினால் வளையவும் வளையும், துருவும் இல்லை.

மீதி நூல் உருண்டையில் பெயர்ச்சீட்டு இருக்காது. கடைக்காரர் 'வூல்' என்று தருவதில் பெரும்பாலும் ஆட்டு மயிரே இருப்பதில்லை. ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். கடதாசி மணத்தோடு எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் அக்ரிலிக் போன்ற செயற்கை நூல்.

கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்க, கொண்டையில் குத்த, ஊருக்குப் போகிறவர்களிடம் பரிசாகக் கொடுத்துவிட என்றால் நான் இப்போதும் பருத்தியைத்தான் எடுப்பேன். விடுதியில் விலை கேட்ட இரண்டு மூன்று பேரும் முதலில் கேட்டது "பருத்தியா?" என்றுதான். விற்கப் பின்னுகிறவர்கள் அதையும் கணக்கில் எடுங்கள். நான் விற்றதில்லை.

இந்தச் சீசனுக்கு இரண்டு தோரணமும் அக்ரிலிக்கில் ஈர்க்குக் காம்போடு தயாராகின்றன. பழைய பருத்தியில் துரு ஏறிய இரண்டு டாஃபோடிலை மட்டும் மச்சாள் கழற்ற விடவில்லை. நடுக்கிண்ணத்தில் செம்மஞ்சள் படர்ந்து நிற்பதைப் பார்த்து, அப்படி ஒரு வகை உண்மையிலேயே இருக்கிறது என்று விருந்தினர் யாரோ அவளிடம் சொன்னார்களாம்.