டைரனோசர் பொம்மை ப்ரீ ஆர்டர்னு சொல்லி 18,500 ரூபா ஏமாத்திட்டான், ஃபிகர் சேர்க்குறவங்க தயவுசெஞ்சு படிங்க

18,500 ரூபா. ஜிபேல அனுப்புனது. இன்னைக்குக் காலைலேந்து அவன் நம்பர்ல டிபி காணோம், மெசேஜ் போட்டா ஒத்த டிக்கோட நிக்குது, போன் போட்டா ரெண்டு ரிங்ல கட்டாயிடுது. அந்தக் கோவத்துலயே உக்காந்து டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க. கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி, தஞ்சாவூர்னு நம்ம டெல்டா பக்கம் டைனோசர் ஃபிகர் சேர்க்குறவங்க கைவிட்டு எண்ணுற அளவுதான் இருக்கோம், அதுல இன்னொருத்தர் இவன்கிட்ட காசு கட்டிடக்கூடாது. என்னென்ன பாக்கணும்னு கடைசில தெளிவா சொல்றேன், முதல்ல நடந்தத சொல்லிடறேன்.

பீஸ்ட்ஸ் ஆஃப் தி மெசோசோயிக் பொம்மைல டைரனோசர் வரிசைக்கு நாம எல்லாரும் எப்படிக் காத்துக்கிட்டு இருந்தோம்னு உங்களுக்கே தெரியும். இந்தப் பொம்மைங்கள வடிவமைக்குற டேவிட் சில்வா 2016ல, ஆளுங்ககிட்ட முன்பணம் திரட்டுற கிக்ஸ்டார்ட்டர் சைட்ல ராப்டர் வரிசைய ஆரம்பிச்சாரு, அப்புறம் கொம்பு வச்ச டைனோசருங்க, அதுக்கப்புறம்தான் டைரனோசர். கடைத்தெருவுல எங்க போனாலும் டி. ரெக்ஸ் ஒண்ணுதான் கிடைக்கும், இதுல அந்தக் குடும்பத்துல இருக்குற மத்ததும் வருது, கோர்கோசாரஸ், மங்கோலியாவோட டார்போசாரஸ் எல்லாம். வாய் தொறக்கும், முட்டி மடங்கும், கணுக்கால் திரும்பும். 1/18 அளவு, அதாவது நிஜத்துல பதினெட்டுல ஒரு பங்குன்னா, முழு வளர்ந்த டி. ரெக்ஸ் ரெண்டு அடிக்கு மேல வரும், ஷெல்ஃப்ல ஒரு தட்டு முழுக்க அதுக்கே போயிடும். அந்தப் பெயிண்ட் சாம்பிள் போட்டோவ எத்தனை தடவ ஜூம் பண்ணிப் பாத்திருப்போம். அவருக்கும் இந்த மோசடிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைங்கறத இங்கயே சொல்லிடறேன்.

நம்ம ஊருக்கு அத வரவழைக்கிறதுதான் பெரும்பாடு. பொம்மைக்கு இறக்குமதி வரி 2020ல 20 சதவீதத்துலேந்து 60 ஆச்சு, 2023ல 70 ஆக்கிட்டாங்க. 2021 ஜனவரிலேந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மைய இங்க விக்கவும் முடியாது. அதனால பெரிய கடை எதுவும் இந்த மாதிரி ஃபிகர தொடறதில்ல, க்ரூப் ஆர்டர் எடுக்குறேன்னு வர்றவங்க பின்னாடிதான் நாம போக வேண்டியிருக்கு. இவனும் அப்படி வந்தவன்தான். கடைன்னு ஒண்ணும் கிடையாது, ஒரு போட்டோ ஆப்ல பேஜ் வச்சு ஃபிகர் இம்போர்ட் பண்றேன்னு சொல்றவன், பேர் போட வேணாம்னு புகார் எழுதிக் குடுத்த வக்கீல் சொன்னதால போடல.

அவன் என்னை எப்படி நம்ப வச்சான்னு கேளுங்க, அத நெனச்சாதான் வயிறு எரியுது. முதல் தடவ பேசுனப்ப விலையப் பத்தி ஒரு வார்த்தை பேசல. "அண்ணே நான் திருவாரூர் பக்கம்தாண்ணே, அரியலூர்ல படிச்சேன்"ன்னு ஆரம்பிச்சான். அரியலூர் பக்கம் டைனோசர் எலும்பு கிடைச்ச கல்லமேடு போயிருக்கீங்களான்னு கேட்டான். நான் போயிருக்கேன், அணைக்கரை பாலம் தாண்டி ஜெயங்கொண்டம் வழியா கூட்டாளிங்களோட பைக்ல போயி, வாரணவாசில இருக்குற புதைபடிவ மியூசியத்தையும் பாத்துட்டு வந்திருக்கேன். உடனே அவன், "கல்லமேட்டுல எடுத்த ப்ருஹத்காயோசாரஸ முதல்ல மாமிசம் தின்னுற டைனோசர்னுல்லண்ணே எழுதுனாங்க, அப்புறம்தான் அது நீளக் கழுத்து தாவரம் தின்னின்னு சொன்னாங்க"ன்னான். அது உண்மை. 1987ல அப்படித்தான் எழுதுனாங்க, அந்த எலும்பும் இப்ப இல்ல, பொடிஞ்சு போச்சு. நம்ம பக்கத்துல இத தெரிஞ்சு பேசுற ஆள நான் நேர்ல பாத்ததே இல்ல. வீட்ல சொன்னா சிரிப்பாங்க, நான் கணக்கு எழுதுற உரக்கடைல சொன்னா ஆளப் பாப்பாங்க, இவன் ராத்திரி பதினோரு மணிக்கு மேலயும் இந்தியாவுல டைரனோசர் எலும்பு ஏன் கிடைக்கல, இங்க கிடைச்ச ராஜாசாரஸ் வேற குடும்பம், அபெலிசாரிட்னு என்கிட்ட பேசிக்கிட்டு இருக்கான். இவ்வளவு ஆசையா பேசுறவன் திருடனா இருப்பான்னு யாருக்குத் தோணும்?

அப்புறம் வீடியோ கால். கைல ஒரு கோர்கோசாரஸ வச்சுக்கிட்டு கணுக்கால மெதுவா திருப்பிக் காட்டுனான், டக்குனு ஒரு சத்தம், ஜாயின்ட் இறுக்கமா இருக்குன்னு அதுலேயே தெரிஞ்சுது. தாடையத் தொறந்து நாக்கக் காட்டுனான். வால தனியா எடுத்து மறுபடி சொருகுனான். "உங்களுக்குன்னு ஒரு பீஸ் எடுத்து வச்சிருக்கேண்ணே, டார்போசாரஸ் அடுத்த லாட்ல வருது"ன்னான். அன்னைக்கே 3,500 அட்வான்ஸ் போட்டேன். ஷிப்மென்ட் கிளம்பிடுச்சு, மீதியப் போடுங்கன்னு சொன்னதும் ஏலச்சீட்டு எடுத்த காசுலேந்து 15,000. மொத்தம் 18,500 ரூபா. ஜிபேல வந்த பேரு வேறயா இருந்துச்சு, கேட்டதுக்கு "அம்மா அக்கவுண்ட்டுண்ணே"ன்னான். அந்தக் கோர்கோசாரஸ் மதுரைல ஒருத்தர்கிட்ட போட்டோ எடுக்கணும்னு இரவல் வாங்குனதாம், அவருக்கும் இன்னும் திரும்பி வரலயாம். இது எனக்கு நேத்துதான் தெரியும்.

அதுக்கப்புறம் ஆரம்பிச்சது சாக்கு. கஸ்டம்ஸ்ல நிக்குதுண்ணே. சென்னைல மழைண்ணே, குடோன்ல தண்ணிண்ணே. ஃபேக்டரில மோல்டு மாத்துறாங்கண்ணே. அப்பாவுக்கு உடம்பு சரியில்லண்ணே, ஆஸ்பத்திரில இருக்கேன், நீங்க வேற அழுத்தம் குடுக்காதீங்கண்ணே. இந்தக் கடைசிய சொன்னதும் நான்தான் மன்னிப்புக் கேட்டுட்டு, பாத்துக்கங்க தம்பி, பொம்மை மெதுவா வரட்டும்னேன். அதே நாள் சாயங்காலம் அவன் பேஜ்ல அடுத்த லாட் புக்கிங் ஓப்பன்னு ஸ்டோரி போட்டிருக்கான்!

இதுதான் எனக்குத் தாங்க முடியல. ஆக்‌ஷன் ஃபிகர்னா தாமதமாத்தான் வரும்னு நமக்கு நாமளே பழகி வச்சிருக்கோம். டிசைன் போட்டு, மோல்டு வெட்டி, டெஸ்ட் ஷாட் பாத்து, பெயிண்ட் சரி பண்ணி, கப்பல்ல வர்றதுக்குள்ள சொன்ன தேதி தள்ளித்தான் போகும், நியாயமான கம்பெனிக்கே அப்படித்தான். அந்தப் பொறுமைக்குள்ள பூந்துக்கிட்டுத்தான் இவனுங்க பொழைக்கிறானுங்க. மத்த சாமான்னா ஒரு வாரம் லேட்டானாலே சண்டைக்குப் போயிருப்போம், இதுல மாசக்கணக்கா "பரவால்ல தம்பி"ன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம்.

நான் போலீஸ்னு பேச்ச எடுத்ததும் பார்சல் வந்துச்சு. அட்டைப்பெட்டி நல்ல கனம். பிரிச்சா உள்ள ரெண்டு செங்கல் துண்டு, நியூஸ் பேப்பர், நடுவுல திருவிழாக் கடைல தொங்குற பச்சை ரப்பர் டைனோசர் ஒண்ணு. வயித்தோரம் ஒட்டுன தையல் கோடு பிசிறு பிசிறா தெரியுது, கண்ணு ஒண்ணு பெயிண்ட் நவுந்து கன்னத்துல இருக்கு, கைல மூணு விரல். போன் போட்டேன். என்ன சொன்னான் தெரியுமா? "கம்பெனில மாத்தி அனுப்பிட்டாங்கண்ணே, அது யூட்டிரானஸ், அதுக்கு மூணு விரல்தாண்ணே, உங்களுக்குத் தெரியாததா"ங்கறான். யூட்டிரானஸுக்கு மூணு விரல்தான், சரி. ஆனா 2012ல அத சீனாவுலேந்து விவரிச்சதே இறகுத் தடத்தோட, இதுல இறகு எங்க? நான் கேட்டது கோர்கோசாரஸ். கோர்கோசாரஸுக்கு ரெண்டு விரல்தான்னு 1914லயே எலும்பப் பாத்து எழுதியாச்சு. இத எனக்குச் சொல்லித் தரேன்னு ஒருத்தன் என் 18,500 ரூபாய வச்சுக்கிட்டு போன்ல பேசுறான். நான் கத்துனதுக்கு, "கோவத்துல இருக்கீங்க, நாளைக்குப் பேசுவோம்ணே"ன்னு வச்சுட்டான். அந்த நாளைக்குத்தான் இன்னைக்கு. ப்ளாக்.

பேங்க்ல போயி கேட்டா, நீங்களா அனுப்புன காசு சார், எங்களால திருப்ப முடியாதுங்கறாங்க. ஆப்ல புகார் குடுத்தா தானா ஒரு பதில் வருது, அவ்வளவுதான். சைபர் மோசடிக்கான உதவி நம்பர் 1930க்குப் போன் பண்ணி சைபர் க்ரைம் சைட்லயும் பதிஞ்சுட்டேன். போன எடுத்தவங்க நல்லாத்தான் பேசுனாங்க, காசு போன உடனே கூப்பிட்டிருந்தா அந்த அக்கவுண்ட்ட முடக்கியிருக்கலாம்னாங்க. ஸ்டேஷன்ல ஒருத்தர், பொம்மைக்கா இவ்வளவு காசுன்னு கேட்டாரு. என்னத்துக்கா இருந்தா என்ன, போனது என் உழைப்பு, 18,500 ரூபா.

சரி, சொன்ன மாதிரி. ஆள் பேரும் ஜிபே பேரும் வேறன்னா ஒத்த ரூபா போடாதீங்க. முழுக்காசு முன்னாடியே குடுக்காதீங்க. வீடியோ கால்ல பொம்மையக் காட்டுனா, உங்க பேரும் தேதியும் எழுதுன சீட்டப் பக்கத்துல வச்சு காட்டச் சொல்லுங்க. பார்சலப் பிரிக்கும்போது வீடியோ எடுங்க, நான் எடுத்து வச்சிருக்கேன். காசு போச்சுன்னு தெரிஞ்ச நிமிஷமே 1930. இன்னும் சொல்லணும்னு நெனச்சேன், தலை வலிக்குது, இப்ப இவ்வளவுதான் முடியும்.

திருவாரூர் பக்கம்னு சொல்லி, ப்ருஹத்காயோசாரஸ்னு பேசி, அம்மா அக்கவுண்ட்டுன்னு உங்ககிட்டயும் யாராவது காசு வாங்கியிருந்தா இன்பாக்ஸ் வாங்க. ஸ்க்ரீன்ஷாட்டு, யுடிஆர் நம்பர் (காசு அனுப்புனதுக்கான பேங்க் நம்பர்) ரெண்டும் எடுத்து வைங்க. மதுரைக்காரர்கிட்ட பேசிட்டேன், திங்கக்கிழமை நாங்க ரெண்டு பேரும் எழுத்துல புகார் குடுக்கப் போறோம், உங்களோடதையும் சேத்தே குடுத்துடலாம்.