ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த எண்: பழைய ஸ்கஸி கார்டு வாங்கப் போகிறவர்களுக்கு

சென்னை ரிச்சி தெருவில் பழைய ஸ்கஸி கார்டு (டேப் டிரைவ், ஹார்டு டிஸ்க் போன்றவற்றைக் கணினியோடு இணைக்கும் அட்டை) தேடப் போகிறவர்கள், கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். 1,400 ரூபாயையும் நான்கு இரவுத் தூக்கத்தையும் தொலைத்துவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் அச்சகத்தின் பழைய பக்கக் கோப்புகள் டிடிஎஸ்-4 என்ற வகைக் காந்த நாடா டேப்புகளில் கிடக்கின்றன. டேப் டிரைவ் நன்றாக இருக்கிறது, கார்டுதான் செத்துவிட்டது. அந்த டேப் நொடிக்குச் சுமார் 3 எம்பிதான் கொடுக்கும். அதற்கு அல்ட்ரா320 போன்ற அதிவேகக் கார்டு எல்லாம் வீண் செலவு. நொடிக்கு 40 எம்பி வேகமுள்ள அடாப்டெக் 2940 யூடபிள்யூ போதும். டெபியன் லினக்ஸ் ஓடும் எங்கள் பழைய கணினியில் அதைச் செருகும் பிசிஐ ஸ்லாட்டும் உண்டு. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் லினக்ஸின் மையமான கர்னலிலேயே இருக்கிறது.

கடைக்காரர் ஓர் அட்டைப்பெட்டியைக் கிளறி ஒரு கார்டை எடுத்தார். அதன் வெள்ளை ஸ்டிக்கரில் பேனாவால் 2940 என்று எழுதியிருந்தது. “சர்வரிலிருந்து கழற்றியது சார், சோதித்துவிட்டோம்” என்றார். நம்பினேன்.

பொருத்தியதும் டிரைவர் மறுபேச்சில்லாமல் ஏறியது. டேப் டிரைவ் மட்டும் கண்ணில் படவில்லை. கேபிள் முனையில் மாட்டும் டெர்மினேட்டரை மாற்றினேன், டிரைவின் ஐடி எண்ணை 3 என்றும் 5 என்றும் வைத்துப் பார்த்தேன், புது கேபிள் வாங்கினேன். கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டால், “லினக்ஸ் என்றால் அப்படித்தான் சார், விண்டோஸ் போட்டுப் பாருங்கள்” என்றார். இருபது ஆண்டுகளாக லினக்ஸில் வேலை செய்கிற நானே ஒரு கணம் அதை நம்பினேன் என்பதுதான் வெட்கம்.

நான்காம் இரவு, கணினியில் செருகிய கார்டுகளைக் காட்டும் பிசிஐ பட்டியலை எண்களோடு வரவழைத்து நிதானமாகப் படித்தேன். 9004:8478 என்று இருந்தது. 2940 யூடபிள்யூவாக இருந்தால் 9004:8178 என்று வந்திருக்க வேண்டும். பக்கத்திலேயே 2944 என்று பெயரும் போட்டிருந்தது. முதல் நாளே அது அங்கே இருந்திருக்கிறது. நான்தான் 29 என்பதைப் பார்த்த திருப்தியில் மேலே படிக்கவில்லை. நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினேன். அடியில் அச்செழுத்தில் ஏஎச்ஏ-2944 யூடபிள்யூ.

இரண்டுக்கும் ஒரே 68 முள் கனெக்டர், ஒரே டிரைவர். ஆனால் 2944 உயர் மின்னழுத்த டிஃபரென்ஷியல் வகை. 25 மீட்டர் நீளக் கேபிளில் ஓடுவதற்காகச் செய்தது. சாதாரண (எஸ்இ) வகையோடும் குறைந்த மின்னழுத்த (எல்விடி) வகையோடும் அது ஒத்துப்போகாது. என் டிரைவ் எல்விடி வகை என்பதால் இணைப்புத் தடத்தின் (பஸ்) வகையை உணர்ந்து தானாக ஒதுங்கிக்கொண்டது. பழைய சாதாரண டிரைவாக இருந்தால் எரிந்தே போயிருக்கலாம். கனெக்டர் அருகே எஸ்இ, எல்விடி, டிஃப் என்று சிறிய முத்திரை இருக்கும். டிஃப் என்று கண்டால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் பேசவே இல்லை. ரசீதின் அடியில் இருந்த “விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது” என்ற ரப்பர் முத்திரையை விரலால் தட்டிக் காட்டினார். ஸ்டிக்கர் யார் ஒட்டியது என்று கேட்டேன். அப்படியே வந்த சரக்காம்.

அடுத்த சந்தில் 2940 யூ2டபிள்யூ ஒன்றை 900 ரூபாய்க்கு வாங்கினேன். இந்த முறை கணினியையும் டேப் டிரைவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், கடை மேசையிலேயே பொருத்தி, டிரைவின் பெயர் திரையில் வந்த பிறகுதான் பணத்தை எண்ணினேன். சிம்பயாஸ் 53சி875, 53சி895 சிப் வைத்த கார்டுகளும் லினக்ஸில் தொல்லை தராதவை, கிடைத்தால் எடுக்கலாம். ஹார்டு டிஸ்கிலிருந்து பூட் செய்ய வேண்டுமென்றால் மட்டும் கார்டில் பயாஸ் சிப் உண்டா என்று பாருங்கள். மலிவான சில கார்டுகளில் அது இருக்காது.

திரும்பும் வழியில் முதல் கடையை எட்டிப் பார்த்தேன். அந்த அட்டைப்பெட்டி வாசலிலேயே இருந்தது. உள்ளே இன்னும் ஆறேழு கார்டுகள். எல்லாவற்றிலும் அதே வெள்ளை ஸ்டிக்கர், அதே பேனா எழுத்து.