மரத்தின் ஆண்டைச் சொல்வதில் எது முந்துகிறது: கார்பன் கணிப்பா, வளைய ஒப்பீடா, சூரியப் புயலின் தடமா?

அகழாய்வில் கிடைக்கும் பொருள்களின் காலத்தை அறிய நெடுநாளாகக் கைகொடுப்பது வழக்கமான கார்பன்-14 கணிப்பு: உயிர் இறந்தபின் சீராகச் சிதையும் கதிரியக்கக் கார்பன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளப்பது. விதை, எலும்பு, கரித்துண்டு என உயிர்ப்பொருள் எதுவானாலும் அதற்குப் போதும். ஆனால் விடை ஓர் ஆண்டாக வராமல் ஒரு காலவீச்சாகவே வரும். அதிலும் கி.மு. 800 முதல் 400 வரை அளந்த கார்பன் அளவை நாட்காட்டி ஆண்டாக மாற்ற உதவும் அளவுதிருத்த வளைவு ஏறக்குறையத் தட்டையாகக் கிடப்பதால், அந்த நானூறு ஆண்டுகளில் முன்னது எது, பின்னது எது என்று பிரிப்பதே பெரும்பாடு.

வளையங்களின் அகலத்தை ஒப்பிடும் முறை ஆண்டைத் துல்லியமாகத் தரும். அதற்கு அதே வட்டாரத்து மரங்களைக் கொண்டு இன்றுவரை அறுபடாமல் கோத்த வளையத் தொடர் வேண்டும். பல நிலப்பகுதிகளுக்கு அது இல்லை.

மூன்றாவது வழியான சூரியப் புயலின் தடம் இந்தக் குறையைத் தாண்டுகிறது. ஜப்பானின் யாகு தீவுத் தேவதாரு மரத்தில், கி.பி. 774-க்கும் 775-க்கும் இடையே கார்பன்-14 சுமார் 1.2 சதவீதம் உயர்ந்திருந்ததை ஃபுசா மியாகே குழுவினர் 2012-இல் வெளியிட்டனர். சூரியன் உமிழ்ந்த உயர் ஆற்றல் துகள்கள் வளிமண்டலத்தில் நியூட்ரான்களைக் கிளப்ப, அவை நைட்ரஜனைத் தாக்கிக் கார்பன்-14-ஐ உண்டாக்குகின்றன என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அது காற்றோடு உலகெங்கும் பரவுவதால் எந்தக் கண்டத்து மரத்திலும் ஒரே தடம் விழுகிறது. வட்டாரத் தொடர் தேவைப்படுவதில்லை.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள லான்ஸ் ஓ மெடோஸ் என்ற தொல்லியல் களம் இதற்கு நல்ல சான்று. வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் உலோகக் கருவியால் வெட்டிய, மூன்று வெவ்வேறு மரங்களைச் சேர்ந்த துண்டுகளில் கி.பி. 993-இன் உயர்வு தெரிந்தது. அந்த வளையத்துக்குப் பிறகு பட்டை வரை 28 வளையங்கள் இருந்தன. ஆகவே மரம் வெட்டப்பட்டது 1021-இல். மூன்று துண்டுகளும் ஒரே ஆண்டைச் சொன்னதுதான் இதில் என்னை அதிகம் கவர்வது. கிரேக்கத்தின் டிஸ்பிலியோ என்ற தொல்லியல் களத்தில் எந்த ஆண்டோடும் பிணைக்க முடியாமல் மிதந்த 303 ஆண்டு வளையத் தொடரை, கி.மு. 5259-இன் உயர்வு தன் இடத்தில் நிறுத்தியது.

எனினும் இத்தகைய பெரிய உயர்வுகள் இதுவரை சிலவே உறுதியாகியுள்ளன. அவற்றுள் ஒன்றைத் தன் வாழ்நாளில் கண்ட மரமே பயன்படும். வளையங்களை ஒவ்வொன்றாகச் சீவி அளக்க வேண்டியிருப்பதால், எந்தப் பகுதியில் தேடுவது என்பதை முதலில் வழக்கமான கணிப்பே காட்ட வேண்டியிருக்கிறது. (இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது அந்த வகையில் அரை உண்மைதான்.) பட்டை உதிர்ந்திருந்தால் வெட்டிய ஆண்டு கிட்டாது, பட்டை இருந்தாலும், பழைய கட்டடத்து மரத்தை எடுத்துப் புதிதில் பொருத்தியிருந்தால் கட்டடத்தின் வயது தவறிவிடும். பட்டையோடு கூடிய, வளையம் மிகுந்த மரம் கையில் இருந்தால் சூரியப் புயலின் தடத்தையே தேடுவேன். விதையும் எலும்பும் மட்டுமே கிடைத்த இடத்தில் பழைய முறையை விட்டால் வழியில்லை.