ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிவிட்டுப் போகாத ஒரு சர்வீஸ்

எங்கள் டிபார்ட்மென்ட் ஆய்வகத்தில் கிளாஸ் 2, டைப் ஏ2 பயோசேஃப்டி கேபினட் ஒன்று இருக்கிறது, அதாவது கிருமி வெளியே வராதபடி காற்றை வடிகட்டி ஓடவிடும், முன்பக்கம் திறந்த வேலைப் பெட்டி, நாங்கள் ஹூட் என்றுதான் சொல்வோம். வருடத்துக்கு ஒருமுறை அதைச் சோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். நான்கு வருடமாக ஒரே கம்பெனிதான் வந்துகொண்டிருந்தது. மீட்டரை உள்ளே காட்டுவார்கள், பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், டீ குடிப்பார்கள், இருபது நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள். இந்த முறை வேறு ஆட்களைக் கூப்பிட்டோம். பெயர் போடவில்லை, போட்டால் விளம்பரம் என்பீர்கள்.

வந்த தம்பி தன் கருவிப் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, மேலே பார்த்து, "அக்கா, இந்த ஏசி எப்பவும் இப்படித்தான் ஓடுமா?" என்று கேட்டார். நேர் எதிரே ஸ்பிளிட் ஏசி, ஹூட்டின் வாயைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது. புகைக்குச்சி ஒன்றைக் கொளுத்தி முன் திறப்பு நெடுக சாம்பிராணி காட்டுவது மாதிரி காட்டினார். புகை முன்பக்கக் கிரில்லுக்குள் இழுபட வேண்டும். இடது மூலையில் அது சுருண்டு, உட்கார்ந்து வேலை செய்பவரின் முகத்துக்கே திரும்பி வந்தது. ஏசியை நிறுத்தியதும் சரியானது. ஆனாலும் ஓரிடத்தில் தேங்கி நின்றது, பார்த்தால் அங்கே கிரில்லை மறைத்து எங்கள் டிஷ்யூ ரோலும் ஒரு நோட்டும். அது எங்கள் தப்புதான், மறைக்க ஒன்றுமில்லை.

அப்புறம் உள்ளிழுக்கும் காற்றின் வேகம். ஏ2 வகைக்குக் குறைந்தது நொடிக்கு 0.51 மீட்டர் வேண்டும், எங்களுடையது 0.39. நான் போய்ப் பழைய சான்றிதழ்களை எடுத்து வைத்துப் பார்த்தேன், எல்லாவற்றிலும் 0.52, புள்ளிக்குப் பின்னால்கூட மாறவில்லை! காற்றை ஓட்டும் விசிறியான புளோயரைச் சரிசெய்த பிறகு, காற்றிலுள்ள நுண்துகளைப் பிடிக்கும் ஹெபா ஃபில்டரின் கசிவைச் சோதித்தார். ஃபில்டருக்கு மேல்பக்கம் எண்ணெய்த் துகள் புகையை விட்டு, கீழே துகளை அளக்கும் ஃபோட்டோமீட்டரால் அங்குலம் அங்குலமாகத் தடவ வேண்டும், எந்த இடத்திலும் கசிவது மேலே விட்டதில் 0.01 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு மூலையில், ஃபில்டரின் ஓரத்தை அடைக்கும் கேஸ்கெட்டில் தாண்டியது. 0.3 மைக்ரான் துகளை 99.97 சதவீதம் பிடிக்கிற ஃபில்டர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், ஓரத்தில் சந்து இருந்தால் காற்று அதன் வழியாகத்தானே போகும். இறுக்கி, மறுபடி சோதித்து முடிக்க மூன்று மணி நேரம் ஆனது.

1978ல் பர்மிங்காம் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் பெரியம்மை ஆய்வகத்துக்கு மேல் மாடியில் வேலை செய்த புகைப்படக்காரர் ஜேனட் பார்க்கர் அந்த நோயில் இறந்தார், உலகில் பெரியம்மையால் இறந்த கடைசி ஆள் அவர்தான். கிருமி காற்றுக்குழாய் வழியாகப் போயிருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை, நீதிமன்றம் பல்கலைக்கழகத்தை விடுவித்தது, வாதம் இன்னும் ஓயவில்லை. ஸ்டிக்கரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான்.

1989 விதிகளின்படி மரபணு மாற்ற ஆராய்ச்சி செய்யும் எங்களுக்கும் ஐபிஎஸ்சி, அதாவது நிறுவன உயிரிப் பாதுகாப்புக் கமிட்டி உண்டு, மத்திய உயிர்தொழில்நுட்பத் துறையின் பிரதிநிதி ஒருவரும் அதில் உட்கார்கிறார். கமிட்டிக் கோப்பில் எங்கள் சான்றிதழ் நகல் ஒவ்வொரு வருடமும் இருந்தது. தேதி முடிந்துவிட்டதா என்று கேட்டார்கள், எண்ணைப் பார்த்தவர் யாருமில்லை. பர்ச்சேஸில் எல்1, அதாவது யார் குறைவாகக் கொட்டேஷன் கொடுத்தார்களோ அவர்களுக்கே வேலை, அப்புறம் இருபது நிமிடச் சோதனைதான் கிடைக்கும். கொட்டேஷன் கேட்கும்போதே புகைச் சோதனை, கசிவுச் சோதனை, அளந்த எண்கள் எல்லாம் தர வேண்டும் என்று எழுதிவிடுங்கள், எல்1 ஆக வருகிறவரும் செய்துதான் ஆக வேண்டும்.

குறைகளும் உண்டு. சொன்ன நாளுக்கு இரண்டு நாள் தாமதம், பழையவர்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு கட்டணம், ரிப்போர்ட் பத்து நாள் கழித்து வந்தது, அதிலும் சீரியல் நம்பர் தப்பு. திருத்தி வாங்க நான்கு முறை போன் செய்தேன், அதற்காக ஒரு ஸ்டார் கழித்து நான்கு. ஹூட்டுக்குள் ஸ்பிரிட் விளக்கு எரித்தால் காற்றோட்டம் கலையும், எடுத்துவிடுங்கள் என்றும் அந்தத் தம்பி சொல்லிவிட்டுப் போனார். ஏசி காற்றை அட்டை வைத்துத் திருப்பிவிட்டோம். விளக்கைத்தான் எங்கள் ஆய்வக மேடம் விட மாட்டேன் என்கிறார், முப்பது வருடப் பழக்கமாம்.