காஸ்வொர்த் பி.டி.ஜி.யா, பி.எம்.டபிள்யூ. எம்12/7-ஆ? கோப்பைக் கணக்கும் பராமரிப்புக் கணக்கும்

1970களைச் சேர்ந்த இரண்டு லிட்டர் பந்தயக் கார் ஒன்றின் சேஸியை, என்ஜின் இல்லாத நிலையில், நானும் என் கூட்டாளியும் பாதிப் பாதி பங்கு போட்டு வாங்கினோம். ஓட்டுபவர் அவர், என்ஜினுக்குப் பொறுப்பு நான். அந்த வகைச் சேஸி அதன் காலத்திலேயே இரண்டு என்ஜின்களோடு ஓடியிருக்கிறது என்பதால், காஸ்வொர்த் பி.டி.ஜி., பி.எம்.டபிள்யூ. எம்12/7 ஆகிய இரண்டில் எதை வைத்தாலும் பழைய கார்களுக்கான பந்தய விதிகள் தடுக்கப்போவதில்லை. ஏறக்குறைய எட்டு மாதம் இழுத்தடித்துப் பேசிவிட்டு பி.டி.ஜி.யை எடுத்தோம். இரண்டு பருவங்கள் ஓட்டியான பிறகு எழுதுவதால், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைத்துப் பயனில்லை.

எல்லோரும் முதலில் கேட்கும் விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். பி.டி.ஜி.யின் சிலிண்டர் விட்டம் 90 மி.மீ., ஸ்ட்ரோக் 77.6 மி.மீ., கொள்ளளவு 1,975 சி.சி.; எம்12/7-க்கு அவை முறையே 89.2 மி.மீ., 80 மி.மீ., 1,999 சி.சி. இரண்டும் நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு என்ஜின்கள். அக்காலக் கணக்கில் பி.டி.ஜி. சுமார் 275 குதிரைத்திறனும் எம்12/7 சுமார் 300 குதிரைத்திறனும் கொடுத்தன. முன்னதன் பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த உடல்) அலுமினியம், பின்னதன் பிளாக் இரும்பு. ஆகவே எடையில் பி.டி.ஜி.க்கும் நேர்கோட்டு வேகத்தில் எம்12/7-க்கும் சாதகம். இதில் விவாதிக்க எதுவும் இல்லை.

விவாதம் தொடங்குவது கோப்பைகளை எண்ணும்போதுதான். என் கூட்டாளியின் வாதம் எளிமையானது: இரண்டு லிட்டர் என்றால் ஃபார்முலா 1-க்கு அடுத்த படியான ஐரோப்பிய ஃபார்முலா 2-இன் சாம்பியன் பட்டத்தைப் பார், அங்கே வென்றது பி.எம்.டபிள்யூ. 1973-இல் ஜாரியே, 1974-இல் டெப்பாயே, 1975-இல் லாஃபித், 1978-இல் ஜாக்கோமெல்லி, 1979-இல் சூரர், 1982-இல் கொராடோ ஃபாபி என ஆறு பட்டங்கள். அவற்றுள் ஜாக்கோமெல்லியின் 1978, பன்னிரண்டு பந்தயங்களில் எட்டை வென்ற ஆண்டு. 1976-இல் விதி தளர்ந்து, முழுக்கப் பந்தயத்துக்கென்றே வடிவமைத்த என்ஜின்களுக்கு இடம் கிடைத்து, ரெனோவும் பின்னர் ஹோண்டாவும் வி6 என்ஜின்களோடு வந்த பிறகும், சாலைக் காரின் பிளாக்கில் பிறந்த ஒரு நான்கு சிலிண்டர் என்ஜின் 1982 வரை பட்டம் வென்றது என்றால், அதை உருவாக்கிய பால் ரோஷே எப்படிப்பட்ட வடிவமைப்பாளர் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். இரண்டு லிட்டர் காலத்தில், பி.டி.ஜி.யும் சேர்ந்த காஸ்வொர்த்தின் பி.டி.ஏ. குடும்பத்துக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு பட்டம்: 1972-இல் சர்ட்டீஸ் காரில் மைக் ஹெய்ல்வுட்.

இந்தக் கணக்கு சரிதான். ஆனால் அதை இன்னும் ஐந்து ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளிப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. பி.டி.ஏ.வுக்கு முந்தைய எஃப்.வி.ஏ. என்ற 1.6 லிட்டர் என்ஜினோடு 1967-இல் ஜாக்கி இக்ஸ், 1968-இல் பெல்த்வாஸ், 1969-இல் செர்வோ-காவான், 1970-இல் ரெகாத்ஸோனி, 1971-இல் ரோனி பீட்டர்சன் எனத் தொடர்ந்து ஐந்து ஓட்டுநர்கள் பட்டம் வென்றார்கள். ஹெய்ல்வுட்டையும் சேர்த்தால் காஸ்வொர்த் குடும்பத்துக்கும் ஆறு. எண்ணிக்கை சமம் என்பது முக்கியமல்ல. அந்த ஆறு எந்தெந்தக் கார்களில் வந்தன என்பதைக் கவனியுங்கள். மாத்ரா, டெக்னோ, மார்ச், சர்ட்டீஸ் என நான்கு தயாரிப்பாளர்கள். பி.எம்.டபிள்யூ.வின் ஆறில் ஐந்து மார்ச் கார்களில், அதுவும் மார்ச் நிறுவனத்தின் சொந்த அணி வழியாக வந்தவை. எஞ்சிய லாஃபித்தின் 1975, மார்த்தினி காரில் ஷ்னிட்சர் என்ற தனி நிறுவனம் தயாரித்த என்ஜினோடு வந்தது, பிளாக் பி.எம்.டபிள்யூ.வுடையது என்றாலும் அதன் ஹெட் (வால்வுகள் அமர்ந்த மேல்பகுதி) ஷ்னிட்சர் செய்தது, ஆகவே அதை எம்12/7-இன் கணக்கில் எழுதுவதே கொஞ்சம் தாராளம்.

இதற்கு என் கூட்டாளி சொன்ன பதிலையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். 1967-க்கும் 1971-க்கும் இடையே ஏறக்குறைய எல்லோரிடமும் இருந்தது எஃப்.வி.ஏ.தான், எல்லோரும் ஒரே என்ஜினை ஓட்டினால் பட்டம் அந்த என்ஜினுக்குப் போகாமல் வேறு எங்கே போகும் என்றார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்குத் தேவையான செய்தியே அதற்குள்தான் இருக்கிறது: அது காசு கொடுத்து வாங்கியவர் எவரும் வெல்லக்கூடிய என்ஜினாக இருந்தது. தொழிற்சாலை தன் அணிக்கு ஒன்றும் வாடிக்கையாளருக்கு வேறொன்றும் தர வேண்டிய நிலையில் காஸ்வொர்த் இல்லை, ஏனெனில் அதற்கென்று சொந்த அணியே கிடையாது. கீத் டக்வொர்த்தும் மைக் காஸ்டினும் 1958-இல் தொடங்கிய அந்த நிறுவனம் என்ஜின் விற்றுப் பிழைத்தது. ஃபோர்டு கொடுத்த ஒரு லட்சம் பவுண்டில் எஃப்.வி.ஏ.வும் அதன் தொடர்ச்சியான டி.எஃப்.வி.யும் உருவாயின; அந்த டி.எஃப்.வி. 1967 ஜூன் 4 அன்று நெதர்லாந்தின் ஸான்ட்வோர்ட்டில் ஜிம் கிளார்க்கோடு அறிமுகப் பந்தயத்திலேயே வென்று, 1983 வரை ஃபார்முலா 1-இல் 155 வெற்றிகளையும் பன்னிரண்டு ஓட்டுநர் பட்டங்களையும் குவித்தது. லோட்டஸ், மாத்ரா, டிரல், மெக்லாரன், வில்லியம்ஸ், பிராபம் என அந்தப் பட்டங்களும் பல வீடுகளுக்குப் பிரிந்துதான் போயின. அந்த அளவுக்கு என்ஜின்கள் வெளியே போனதால், அவற்றைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த பட்டறைகளும் காஸ்வொர்த்துக்கு வெளியே பெருகின. இன்று பழைய என்ஜின் வாங்குகிறவனுக்கு அந்தப் பட்டறைகளே சொத்து.

ஃபார்முலா 2-ஐ விட்டு இறங்கி ராலி பக்கம் பார்த்தால் பி.டி.ஏ. குடும்பத்தின் உண்மையான கணக்கு தெரியும். 1972 முதல் 1979 வரை, இடைவெளி இல்லாமல் எட்டு முறை, பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியை ஃபோர்டு எஸ்கார்ட் வென்றது: ரோஜர் கிளார்க் இரு முறை, டிமோ மாக்கினென் தொடர்ந்து மூன்று முறை, வால்டெகோர்ட் ஒரு முறை, ஹன்னு மிக்கோலா இரு முறை. 1972, 1977 ஆண்டுகளின் சஃபாரி ராலிகளும், 1979-இன் உலகத் தயாரிப்பாளர் பட்டமும், 1981-இல் ஆரி வாட்டனென் வென்ற ஓட்டுநர் பட்டமும் இதே என்ஜின் குடும்பத்தோடு வந்தவை. காட்டுச் சாலையில், சேற்றிலும் குளிரிலும், நாள் கணக்கில் ஓடி, இரவில் கைவிளக்கு வெளிச்சத்தில் பழுது பார்க்கப்பட்ட என்ஜின் அது. ராலி என்ஜினின் கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) வேறு, சுற்று வேகம் குறைவு, ஆகவே அந்த உறுதி முழுவதையும் சர்க்யூட் என்ஜினுக்கு அப்படியே எடுத்துவர முடியாது. இருந்தாலும், கோப்பைப் பட்டியலை பராமரிப்புக் கண்ணோடு படிப்பவனுக்கு ஜாக்கோமெல்லியின் எட்டு வெற்றிகளைவிட இந்த எட்டு ராலிகள் அதிகம் சொல்கின்றன.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. அதிலும் குறிப்பாக, கேம் ஷாஃப்டை எது சுழற்றுகிறது என்ற ஒரே கேள்வி. எம்12/7-இல் அந்த வேலையைச் செய்வது பல்சக்கர வரிசை. பி.டி.ஏ. என்ற பெயரிலேயே (பி.டி. என்றால் பெல்ட் டிரைவ்) இருப்பதுபோல எங்கள் பி.டி.ஜி.யில் பெல்ட். மைக் ஹால் அந்த என்ஜினை வடிவமைத்தபோது, பிளாக்கில் ஏற்கெனவே இருந்த பழைய கேம் ஷாஃப்டின் இடத்தில் ஒரு துணை ஷாஃப்டை விட்டுவைத்து, ஆயில் பம்ப் முதலானவற்றை அதன் பொறுப்பில் விட்டு, ஹெட்டில் உள்ள இரண்டு கேம் ஷாஃப்டுகளையும் அந்தத் துணை ஷாஃப்டையும் சேர்த்து ஒரே பெல்ட்டால் கட்டினார். பந்தயக்காரர்களில் பலருக்கு பெல்ட் என்றாலே இளக்காரம். பல்சக்கரம் துல்லியமானது, அறுந்து போகாது என்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் பல்சக்கரம் எதையும் மன்னிக்காது என்பதும் உண்மை. ஜிம் கிளார்க் வென்ற அதே ஸான்ட்வோர்ட் பந்தயத்தில், முதலிடத்திலிருந்து புறப்பட்ட கிரஹம் ஹில்லின் டி.எஃப்.வி. நின்றுபோனது கேம் ஷாஃப்டுக்குப் போகும் பல்சக்கரத்தின் பல் உடைந்ததால்தான். கிராங்க் ஷாஃப்டின் முறுக்கு அதிர்வு அப்படியே மேலே ஏறிப் பற்களை அறைந்தது. பின்னர் டக்வொர்த் ஒரு சக்கரத்துக்குள்ளேயே மெல்லிய எஃகுத் தண்டுகளை வைத்து, அவை சற்றே முறுகிக்கொடுத்து அந்த அடியை வாங்கிக்கொள்ளும்படி செய்த பிறகுதான் தொல்லை தீர்ந்தது. பெல்ட்டுக்கு அந்த நெகிழ்வு இயல்பிலேயே உண்டு.

நடைமுறையில் இதன் பொருள் என்ன என்பதற்கு ஒரு மாலை வேலையைச் சொல்கிறேன். முதல் பருவத்தின் நடுவில், சனிக்கிழமைத் தகுதிச் சுற்று முடிந்து மூடியைக் கழற்றியபோது, பெல்ட்டின் வெளி ஓரத்தில் நூல் பிரிந்து மெல்லிய மீசைபோல நீட்டிக்கொண்டிருந்தது. இழுவைச் சக்கரம் அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சாய்ந்திருந்ததே காரணம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, முதல் சிலிண்டரின் பிஸ்டனை அதன் உச்சி நிலையான மேல் மையத்துக்குக் கொண்டுவந்து, டயல் கேஜில் சரிபார்த்து, கேம் சக்கரங்களுக்கு வெள்ளைப் பெயின்டில் குறியிட்டு, சாய்வைச் சரி செய்து, புதுப் பெல்ட் மாட்டி, கையால் நான்கு சுற்று சுற்றிப் பார்த்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒரு பல் தவறினாலும் வால்வு பிஸ்டனில் இடிக்கும் என்பதால் அந்த நான்கு சுற்றுகளுக்கு மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை கார் ஓடியது. பல்சக்கர வரிசையில் அதற்கு இணையான தேய்மானம் தெரிந்திருந்தால், பந்தயத் திடலில் கார்கள் நிற்கும் பாடாக்கில் வைத்து நான் செய்யக்கூடியது காரை டிரெய்லரில் ஏற்றுவது மட்டுமே.

பெல்ட் அடிக்கடி மாற்ற வேண்டியது என்பதை மறுக்கவில்லை. பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒன்று என்பது நாங்களாக வைத்துக்கொண்ட கணக்கு. நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவோம். ஆனால் அது கண்ணுக்குத் தெரிந்து தேயும் பொருள், விலை மலிவு, கைப்பையில் இரண்டு வைத்துக்கொள்ளலாம். வால்வு இடைவெளி சரிபார்ப்பதும் இதே போலத்தான். டாப்பெட்டுகளும் கேம் ஷாஃப்டுகளும் ஹெட்டின் மேல் தனியாக அமரும் ஒரு பெட்டிக்குள் இருப்பதால், ஹெட்டை அசைக்காமல் அந்தப் பெட்டியை மட்டும் தூக்கி, இடைவெளியைத் தீர்மானிக்கும் மெல்லிய தகடுகளான ஷிம்களை மாற்றிவிட்டு, திரும்ப வைக்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. எங்கள் பி.டி.ஜி.யை முதலில் முழுதாகப் பிரித்துச் சேர்த்துக் கொடுத்த பட்டறை, பெயர் வேண்டாம், பதினாறு வால்வுகளில் மூன்றின் இடைவெளியைத் தவறாக வைத்திருந்தது; இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை நானே விட்டுப் பார்த்திராவிட்டால் முதல் நாளிலேயே ஒரு வால்வு எரிந்திருக்கும். பழக்கமான கைகள் நிறைய உள்ள என்ஜினுக்கு அரைகுறைப் பழக்கமான கைகளும் நிறைய என்பது அதன் மறுபக்கம். அலுமினிய பிளாக்கும் செல்லப்பிள்ளைதான். சூடேறும்போது இரும்பைவிட ஏறக்குறைய இருமடங்கு விரிவதால், குளிர்ந்த நிலையில் கம்பீரமாக நிற்கும் ஆயில் பிரஷர் முள், கடைசிச் சுற்றுகளில் இறங்கி வரும்போது வயிற்றைக் கலக்கும். எம்12/7-இன் இரும்பு பிளாக்கில் இந்தப் பயம் மிகக் குறைவு. 1983-இல் பிக்கே உலகப் பட்டம் வென்ற பிராபமின் டர்போ என்ஜினையும் தாங்கியது அதே வம்சத்து பிளாக்தான் என்று நினைத்தால் மரியாதை தானாக வருகிறது.

எம்12/7 பற்றி நான் சொல்வதை ஒரு மாற்று குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவரின் காருக்கு இரண்டு வார இறுதிகள் உதவியாளாக இருந்த பழக்கம் மட்டுமே எனக்கு உண்டு. அந்த இரு முறையும் என்ஜின் ஒரு தொல்லையும் தரவில்லை. எரிபொருளைச் செலுத்தும் அதன் குகல்ஃபிஷர் இன்ஜெக்‌ஷன் பம்ப்பை, எங்கள் லூகாஸ் அமைப்பைவிடச் சிக்கலானது என்று நான் அஞ்சினேன். ஆனால் காலையில் முதல் சுழற்சியிலேயே பற்றியது அவருடையது, மூன்றாவது முயற்சியில் பற்றியது எங்களுடையது. அவருடைய ஒரே புலம்பல், பம்ப்பைச் சரிபார்க்கத் தெரிந்தவரிடம் மாதக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது என்பது. பி.டி.ஜி.க்கு பிளாக் முதல் ஹெட் வரை புதிதாகவே வார்த்துக் கடைந்து தருகிறார்கள் என்பதால் அந்த வரிசை எங்களுக்குக் குறைவு.

மறுவிற்பனையைப் பற்றி ஒரே வரி: வாங்குகிறவர் என்ஜினின் குதிரைத்திறனைப் பார்ப்பதற்கு முன், அந்தச் சேஸி எண் தன் காலத்தில் எந்த என்ஜினோடு ஓடியது என்ற காகிதத்தைப் பார்ப்பார். எங்கள் சேஸியின் பழைய ஆவணங்களில் ஒரு பருவம் காஸ்வொர்த்தோடும் அடுத்த பருவம் பி.எம்.டபிள்யூ.வோடும் ஓடியதாக இருந்ததால்தான் எங்களுக்கு எட்டு மாதம் சண்டை போடும் சுதந்திரமே கிடைத்தது. உங்கள் சேஸி பிறந்ததிலிருந்தே எம்12/7-ஓடு ஓடியது என்றால் மேலே நான் எழுதிய எதையும் பொருட்படுத்தாமல் அதையே வையுங்கள். பம்ப்புக்கான வரிசையில் மட்டும் இப்போதே பெயரைக் கொடுத்துவிடுங்கள்.