ஓடாத காருக்கு ஒரு வரி, ஓடுகிற லாரிக்கு ஒரு வரி

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் 2024 தொடக்கத்தில் புதுக் கார் வாங்கினார். மதிப்பு 12 லட்சம் ரூபாய். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள கார்களுக்கு வாழ்நாள் வரி 18 சதவீதம். ஷோரூம் வாசலைத் தாண்டுவதற்குள் 2,16,000 ரூபாய் கட்டிவிட்டார். அந்தக் கார் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும், மாதம் ஒரு முறை மருத்துவமனைக்குப் போகும், முகூர்த்த மாதத்தில் இரண்டு கல்யாணத்துக்குப் போகும். மற்ற நாளெல்லாம் உறை போர்த்தி வேப்பமரத்தடியில் நிற்கிறது. வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓடினால் அதிகம்.

பதினைந்து வருஷத்துக்கு 45,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பார்த்தேன். கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 80 காசு. அதே காரை வாங்கி, மருந்து விற்பனைக்காக ஊர் ஊராக அலைந்து வருஷத்துக்கு 30,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 48 காசு. சாலையைப் பத்து மடங்கு பயன்படுத்துகிறவர், கிலோமீட்டருக்குப் பத்தில் ஒரு பங்குதான் கட்டுகிறார்.

சாலைக்காக வண்டிக்காரரிடம் காசு வாங்க நான்கைந்து வழிகள் இருக்கின்றன. வாங்கும்போதே வாங்கிவிடலாம், எரிபொருளில் வாங்கலாம், சுங்கச்சாவடியில் வாங்கலாம், நெரிசலான இடத்தில், நெரிசலான நேரத்தில் மட்டும் வாங்கலாம், எடையையும் தூரத்தையும் பெருக்கி வாங்கலாம். நம் ஊரில் முதல் மூன்றும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. இவற்றில் எது நியாயத்துக்குப் பக்கத்தில் வருகிறது என்பதுதான் கேள்வி. நியாயம் என்று நான் எடுத்துக்கொள்வது எளிய அளவுகோல்தான்: சாலையை எவ்வளவு பயன்படுத்துகிறாயோ, எவ்வளவு தேய்க்கிறாயோ, அவ்வளவு கொடு.

இந்த அளவுகோலில் முதலில் விழுவது வாழ்நாள் வரி. அது வண்டியின் விலையைப் பார்க்கிறது, ஓட்டத்தைப் பார்ப்பதே இல்லை. விலை உயர்ந்த கார் வாங்குகிறவரிடம் கூடுதலாக வாங்குவது சரிதானே என்று கேட்கலாம். சரிதான், ஆனால் அது செல்வ வரி. அதைச் சாலை வரி என்று அழைப்பதில்தான் எனக்கு வழக்கு. படிகளும் கரடுமுரடானவை. 10 லட்சம் வரை 13 சதவீதம் என்பதால் வரி 1,30,000. விலை அந்தக் கோட்டைத் தாண்டிய உடனே 18 சதவீதம், அதாவது 1,80,000-க்கு மேல். ஒரு நல்ல ம்யூசிக் சிஸ்டம் சேர்த்த மாடலை ஆசைப்பட்டு எடுத்தால் அரசுக்கு அரை லட்சம் கூடுதல். வேலை மாறி வேறு மாநிலம் போனால் அங்கே மறுபடி வரி. இங்கே கட்டியதில் மிச்சத்தைத் திரும்பப் பெற நடக்கும் நடையில் செருப்பு தேயும்.

பெட்ரோல் வரியை எல்லோரும் திட்டுவார்கள். நானும் பங்க்கில் நின்று திட்டுகிறவன்தான். ஆனாலும் ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். அது தானாகவே தூரத்தை எண்ணுகிறது. நிறைய ஓடினால் நிறைய எரியும். கனமான வண்டி கூடுதலாகக் குடிக்கும். நெரிசலில் நின்று இரைந்தாலும் குடிக்கும். வசூலிக்கத் தனி அலுவலகம் வேண்டாம், கேமரா வேண்டாம், யார் எங்கே போனார் என்று யாருக்கும் தெரிய வேண்டாம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1919-இல் இதைத் தொடங்கியபோது கேலனுக்கு ஒரு சென்ட்தான். உலகமே அதைப் பின்பற்றியதற்குக் காரணம் இந்தச் சுலபம்தான்.

நம் கணக்கைப் பார்ப்போம். 2025 ஏப்ரலில் உயர்த்தியபோது மத்தியக் கலால் வரி பெட்ரோலுக்கு லிட்டருக்கு 21 ரூபாய் 90 காசு, டீசலுக்கு 17 ரூபாய் 80 காசு ஆனது. அதற்கு மேல் தமிழ்நாட்டின் மதிப்புக்கூட்டு வரி: பெட்ரோலுக்கு 13 சதவீதமும் 11 ரூபாய் 52 காசும், டீசலுக்கு 11 சதவீதமும் 9 ரூபாய் 62 காசும். அந்த விகிதத்தில் கூட்டினால் பெட்ரோலில் லிட்டருக்கு 40 ரூபாய்க்கு மேல், டீசலில் 35 ரூபாய் சுமார். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கிற மோட்டார் சைக்கிள் கிலோமீட்டருக்கு 80 காசு கட்டுகிறது. 15 கொடுக்கிற கார் 2 ரூபாய் 70 காசு. 4 கொடுக்கிற சரக்கு லாரி 8 ரூபாய் சொச்சம். மோட்டார் சைக்கிளைப் போல லாரி பத்து மடங்கு கட்டுகிறது, காரைப் போல மூன்று மடங்கு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தார் அப்படிக் கணக்குப் போடுவதில்லை.

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே, வளையம் வளையமாகச் சோதனைச் சாலைகள் போட்டு ராணுவ வீரர்களைக் கொண்டு லாரி ஓட்ட வைத்தார்கள். எந்த எடைக்குச் சாலை எப்போது உடைகிறது என்று அளந்தார்கள். கிடைத்த விடை: சாலையின் சேதம் ஒரு அச்சின், அதாவது சக்கரங்களைத் தாங்கும் குறுக்குத் தண்டின், மேல் இறங்கும் எடையின் ஏறக்குறைய நான்காம் அடுக்கில் ஏறுகிறது. எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. காரின் ஒரு அச்சில் அரை டன் இறங்குகிறது, லாரியின் ஒரு அச்சில் பத்து டன் இறங்குகிறது என்று வைத்தால், எடை இருபது மடங்கு. சேதம் 1,60,000 மடங்கு. ஸ்கூட்டரை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். சாலையைப் பொறுத்தவரை அதன் மேல் ஸ்கூட்டர் போவதும் காக்கை உட்கார்ந்து பறப்பதும் ஒன்றுதான்.

கல் குவாரிக்குப் போகும் சாலையில் நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். குவாரிக்குள் வெறுமையாகப் போகும் பக்கம் ஓரளவு சமமாக இருக்கும். எம்-சாண்ட் ஏற்றித் திரும்பும் பக்கம் சக்கரத் தடத்தில் பள்ளம் விழுந்து, நடுவில் தார் மேடாகப் பிதுங்கி நிற்கும். இதில் வேடிக்கை, 2018 ஜூலையில் மத்திய அரசு நான்கு டயர் உள்ள ஓர் அச்சின் அனுமதி எடையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. பார்வைக்குக் கூடியது 1.3 டன். நான்காம் அடுக்கில் போட்டால் அந்த அச்சு செய்யும் சேதம் 60 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. அந்தக் கூடுதலுக்கு டீசலில் எத்தனை சொட்டு அதிகம் போயிருக்கும்?

பெட்ரோல் வரியின் இன்னொரு கோணலும் இதோடு சேர்ந்தது. நாட்டில் விற்கும் பெட்ரோலில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு இருசக்கர வண்டிகளின் டேங்குக்கே போவதாக 2014-இல் வெளியான அரசுத் தரப்பு ஆய்வு சொன்னது. அதாவது பெட்ரோல் வரியின் பெரும் பாரம் சாலையைத் தேய்க்காதவர்களின் முதுகில்தான் இருக்கிறது. டீசலிலோ, வயலை விட்டு வெளியே வராத டிராக்டரும் தண்ணீர் இறைக்கும் மோட்டாரும்கூடச் சாலைக்கான செஸ் என்ற கூடுதல் வரியைக் கட்டுகின்றன. பெட்ரோலுக்கான அந்த 21 ரூபாய் 90 காசில் சாலை, உள்கட்டமைப்பு செஸ் என்ற பெயரில் வருவது 5 ரூபாய். மாநிலங்களோடு பங்கிடும் அடிப்படைக் கலால் 1 ரூபாய் 40 காசு. மற்றதெல்லாம் வேறு பெயர்களில் டெல்லிக்குப் போகிறது. சாலைக்காக வாங்குகிறோம் என்று சொல்லி வாங்கினால்தானே சாலையைக் காட்டிக் கேட்க முடியும்?

அடுத்தது சுங்கச்சாவடி. குலோத்துங்கச் சோழனுக்குச் சுங்கம் தவிர்த்தவன் என்று பெயர் வந்து 900 வருஷம் ஆகியும் நிலைத்திருக்கிறது என்றால், நம்மவர்களுக்குச் சுங்கத்தின் மேல் உள்ள அன்பைப் புரிந்துகொள்ளலாம். தாம்பரத்திலிருந்து திருச்சிக்குப் போகிறவர் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று வேண்டுதல் போல ஒவ்வொன்றிலும் காணிக்கை வைத்துக்கொண்டே போக வேண்டும்.

கொள்கையளவில் இது எரிபொருள் வரியைவிட நேரடியானது. இந்தச் சாலையில் போனாய், இந்தச் சாலைக்குக் கொடு. இருசக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை, அது நியாயம். 2008-ஆம் ஆண்டு விதிகளின் அடிப்படைக் கட்டணம் காருக்குக் கிலோமீட்டருக்கு 65 காசு, இரண்டு அச்சு லாரிக்கு 2 ரூபாய் 20 காசு, நான்கு முதல் ஆறு அச்சு வரையுள்ள கனரக வண்டிக்கு 3 ரூபாய் 45 காசு. வருஷா வருஷம் உயர்ந்தாலும் இந்த விகிதம் அப்படியே வருகிறது. காரைப் போல ஐந்து மடங்குக்குச் சற்று மேல். டீசல் கணக்கைவிடக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். அச்சுகளை எண்ணுகிறார்களே தவிர அவற்றின் மேல் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. பஞ்சு ஏற்றிய லாரியும் பாறை ஏற்றிய லாரியும் ஒரே தொகை. போதாக்குறைக்கு, அதிக அச்சு வைத்தவனிடம் அதிகம் வாங்குகிறார்கள். ஒரே சரக்கை இரட்டிப்பு அச்சுகளில் பரப்பினால் மொத்தச் சேதம் எட்டில் ஒன்றாகக் குறையும். சாலைக்கு நல்லது செய்கிறவனுக்கு அபராதம்.

சாவடி எங்கே நிற்கிறது என்பதும் ஒரு தலைவிதி. மதுரைக்குத் தெற்கே கப்பலூர் சாவடியை எதிர்த்துத் திருமங்கலத்துக்காரர்கள் வருஷக்கணக்கில் போராடியது இதனால்தான். பக்கத்து ஊருக்கு நான்கு கிலோமீட்டர் போகிறவரும், அந்தத் தடத்தில் 60 கிலோமீட்டர் போகிறவரும் ஒரே கட்டணம். 20 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மாதப் பாஸ் உண்டு என்பார்கள். வாரம் ஒரு முறை போகிறவருக்கு அது எதற்கு? 2025 ஆகஸ்ட் 15-இல் சொந்தக் கார்களுக்கு 3,000 ரூபாயில் 200 முறை கடக்கும் வருடப் பாஸ் வந்தது. அடிக்கடி போகிற கார்க்காரருக்கு லாபம்தான். அடிக்கடி போகிறவருக்குச் சலுகை என்பது, நிறையப் பயன்படுத்துகிறவர் நிறையக் கொடுக்க வேண்டும் என்பதற்கு நேர் எதிர்த் திசை என்பதையும் கவனித்தேன்.

செயற்கைக்கோளை வைத்துத் தூரத்தை அளந்து வாங்க 2024 செப்டம்பரில் விதி திருத்தினார்கள். நாளொன்றுக்கு முதல் 20 கிலோமீட்டர் இலவசம் என்றும் சொன்னார்கள். சாவடித் தலைவிதிக்கு அது மருந்துதான். என் வண்டி எந்த நேரம் எந்தத் தெருவில் நின்றது என்பதெல்லாம் ஒரு கணினியில் உட்கார்ந்திருக்கும் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

நெரிசல் கட்டணத்தைப் பற்றி நீட்ட வேண்டாம். சிங்கப்பூர் 1975-இல் கண்ணாடியில் ஒட்டும் சீட்டோடு தொடங்கி 1998-இல் மின்னணுவுக்கு மாறியது. லண்டன் 2003-இல் 5 பவுண்டில் ஆரம்பித்தது. அங்கே காரை விட்டுவிட்டு ஏறுவதற்கு ரயிலும் பஸ்ஸும் இருக்கின்றன. காலை ஒன்பது மணிக்குச் சென்னை மாநகரப் பஸ்ஸின் படியில் ஒரு கால் வைக்க இடம் தேடுகிறவரிடம் போய் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

எனக்குப் பிடித்த ஏற்பாடு நியூசிலாந்தில் இருக்கிறது. அங்கே பெட்ரோலுக்குப் பங்க்கிலேயே வரி. டீசலுக்கு அப்படி இல்லை, ஏனென்றால் டீசலில் பாதி உலகம் சாலைக்கு வெளியே ஓடுகிறது: டிராக்டர், படகு, ஜெனரேட்டர். அதனால் 1978 முதல் டீசல் வண்டிகள் 1,000 கிலோமீட்டர் கணக்கில் முன்கூட்டியே தூரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். ரீசார்ஜ் மாதிரி. எத்தனை கிலோமீட்டர் வரை செல்லும் என்ற சீட்டு முன்கண்ணாடியில் இருக்கும். கனரக வண்டியின் சக்கர நடுவில் சுற்றுகளை எண்ணும் கருவி பொருத்தியிருக்கும். எடை ஏற ஏறக் கட்டணம் ஏறும். அதே எடையை அதிக அச்சுகளில் பரப்பினால் குறையும். நம் சாவடிக்கு நேர் தலைகீழ்.

2024 ஏப்ரலிலிருந்து மின்சாரக் கார்களும் இதற்குள் வந்துவிட்டன: 1,000 கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலர். பெட்ரோலும் போட்டு மின்சாரமும் ஏற்றிக்கொள்ளும் கலப்பினக் கார்களுக்கு 38 டாலர், அவை பங்க்கிலும் கொஞ்சம் கட்டுகின்றன என்பதால். இந்த நுணுக்கம்தான் எனக்குப் பிடித்தது. நம் ஊரில் மின்சாரக் கார் எரிபொருள் வரி கட்டாது, தமிழ்நாடு தந்த விலக்கால் வாழ்நாள் வரியும் கட்டாது. பேட்டரியின் கனத்தோடு அதே சாலையில்தான் போகிறது. தொடக்கத்தில் ஊக்கம் கொடுத்தது சரி. ஆனால் தெருவில் பாதி வண்டி மின்சாரமான பிறகு, பழைய மொபெட்டில் மீன் விற்கப் போகிறவர் தரும் 80 காசிலா அத்தனை சாலையும் போடுவது?

என் தராசில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் எடை, தூரம் இரண்டையும் பெருக்கிய கட்டணம். மின்சாரக் காருக்குத் தூரக் கட்டணம். பெட்ரோல் கார், பைக்குக்குப் பங்க்கில் கட்டுவதே போதும். வாழ்நாள் வரி ஒரு சிறிய பதிவுக் கட்டணமாகச் சுருங்க வேண்டும். காய்கறி விலை ஏறாதா என்று கேட்டால், கொஞ்சம் ஏறும். இப்போதும் உடைந்த சாலையைத் திரும்பத் திரும்பப் போடும் செலவை நாம்தான் கட்டுகிறோம், ரசீது இல்லாமல். செயற்கைக்கோளும் வேண்டாம். சரக்கு வண்டிகள் எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு வருஷா வருஷம் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்கு வந்து நிற்கத்தான் வேண்டும். அங்கே மீட்டரைப் படித்து எழுதிக்கொள்ளலாம். மீட்டரைத் திருப்பி வைக்கும் கைத்தொழில் நம் பழைய கார்ச் சந்தையில் செழித்திருப்பதால், சீல் வைத்த தனிக் கருவி வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் தலைமையாசிரியரிடம் விளக்கினேன். உறையை மடித்துக்கொண்டே கடைசிவரை கேட்டார். பிறகு, "புது வரியைப் போட்டுவிட்டுப் பழையதை எடுக்க மாட்டார்கள் தம்பி. அப்படியே எடுத்தாலும், நான் கட்டிய 2,16,000-இல் இரண்டு வருஷம்தான் கழிந்திருக்கிறது. மீதி 1,87,200 ரூபாயை எந்த ஜன்னலில் போய் வாங்குவது?" என்றார். காசு வரை சரியாகச் சொன்னார். கணக்கு வாத்தியாராக இருந்தவர்.